சுவரில் தொங்கிய இருபத்தெட்டு போன்கள்

என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று யாராவது கேட்டால் முன்பெல்லாம் விளக்கமாகச் சொல்வேன். இப்போது “கம்ப்யூட்டர் வேலை” என்று முடித்துக்கொள்கிறேன். விசிட்டிங் கார்டில் தொழில்நுட்பத் தலைமை அதிகாரி என்று போட்டிருக்கிறது. நாற்பது பேர் எனக்குக் கீழே இருக்கிறார்கள். நானே உட்கார்ந்து ஒரு வரி புரோகிராம் எழுதிப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. காலையில் மீட்டிங், மதியம் மீட்டிங், நடுவில் “ஓகே” என்று பதில் போடவேண்டிய மெயில்கள். எது வேண்டும், எது வேண்டாம் என்று சொல்லி, சொன்னதற்குக் கீழே பெயர் போடுவதுதான் என் வேலை. ஏதாவது கவிழ்ந்தால் முதலில் அந்தப் பெயரைத்தான் தேடுவார்கள்.

எங்கள் நிறுவனம் மலைக்கிராமங்களில் சாமையும் புளியும் தேனும் வாங்கி, சுத்தம் செய்து, பொட்டலம் போட்டு நகரத்துக் கடைகளுக்கு அனுப்புகிறது. பொட்டலத்தின் பின்பக்கம் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு சதுரம் இருக்கும். அதை போனில் பிடித்தால் இந்தச் சாமை எந்த ஊரில் யார் நிலத்தில் விளைந்தது என்று காட்டும். அந்தச் சதுரத்துக்குப் பின்னால் ஓடுவதெல்லாம் என் துறை. வாங்குகிறவர்களில் அதைப் பிடித்துப் பார்க்கிறவர்கள் ரொம்பக் குறைவு. இருக்கிறது என்ற நம்பிக்கையில் வாங்கிப் போகிறார்கள்.

போன வருடம் ஒரே வாரத்தில் பதினோரு பேரை வேலையைவிட்டு அனுப்பினேன். முதல் ஆளிடம் பேசும்போது இரண்டு தடவை நிறுத்தித் தண்ணீர் குடித்தேன். ஐந்தாவது ஆளிடம் பேசும்போது கடிகாரத்தைப் பார்த்தேன். பதினோராவது ஆள் உட்கார்ந்து அழுதபோது, டிஷ்யூ டப்பா அவர் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கிறதே என்று மட்டும்தான் தோன்றியது. பல் பிடுங்க ஊசி போட்டுக்கொண்டு வந்தால் கன்னத்தைத் தட்டித் தட்டிப் பார்ப்போம் அல்லவா, அந்த வாரத்திலிருந்து நான் அப்படித்தான் இருக்கிறேன். வீட்டில் சொன்னால் “லீவு போடு” என்றார்கள். லீவு போட்டு வீட்டில் படுத்துக்கொண்டு மெயில் பார்த்தேன்.

இந்த லட்சணத்தில்தான் ஒரு திங்கட்கிழமை அந்த அறிக்கை வந்தது.

எங்கள் கொள்முதல் மையத்தில் நடப்பது இதுதான். விவசாயி மூட்டையை இறக்குவார். எடை போட்டதும் அவர் போனுக்கு நான்கு இலக்கத்தில் ஒரு எண் வரும். அதை அவர் வாயால் சொன்னால்தான் பதிவு முடியும். அவர் நேரில் வந்தார் என்பதற்கு அந்த எண்தான் சாட்சி. போன் இல்லாதவர்களுக்கு நாங்களே மலிவு போன் ஒன்று கொடுத்திருந்தோம். யாராவது பொய்ப் பெயரில் பதிவு போட்டால் பிடிப்பதற்கு என் ஆட்கள் தனியாக ஒரு சோதனை எழுதினார்கள். நான்தான் “ஓகே” போட்டேன். நிறைய போன்கள் வாரக்கணக்கில் ஒரே இடத்தில் அசையாமல் கிடந்தால், அந்தப் போன்களுக்குப் பின்னால் மனிதர்கள் இல்லை என்று அது முடிவு கட்டும்.

ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூருக்கும் அப்பால் இருக்கிற ஒரு மையத்தை அது பிடித்திருந்தது. இருபத்தெட்டு போன்கள். எங்களிடம் இருந்த எட்டு மாதக் கணக்கில் ஓர் அடிகூட நகரவில்லை. ஆனால் அத்தனையிலிருந்தும் எண்கள் ஒழுங்காகச் சொல்லப்பட்டிருக்கின்றன.

எங்கள் நிறுவனர் என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். என் அறைக்கே வந்துவிட்டார். முகமெல்லாம் வெளிச்சம்.

“பொய் விவசாயிங்க மேடம். சென்டர்ல இருக்கிற அந்தம்மா ஒரே ஆளா இருபத்தெட்டு போன வச்சிக்கிட்டு விளையாடியிருக்கு. நம்ம சிஸ்டம் பிடிச்ச முதல் கேஸ் இது.”

ஒரு களவைப் பிடித்ததில் இத்தனை சந்தோஷமா என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை. அந்த மாதம்தான் எங்களுக்கு ஒரு தரச் சான்றிதழ் வரவேண்டியிருந்தது. அதற்கான தணிக்கையாளர், ஒரு மூத்த அதிகாரி நேரில் போய்ப் பார்த்துவிட்டு அங்கிருந்தே வீடியோவில் தன்னிடம் பேசவேண்டும் என்று கேட்டார். சோதனைக்கு ஓகே போட்டவள் நான். நானே போகிறேன் என்றேன்.

அந்த மையத்துக்காரியை எனக்குத் தெரியும். முப்பதைத் தாண்டிய மலைப்பெண். பன்னிரண்டாவது வரை படித்தவள். கணவன் கேரளாவில் கட்டட வேலைக்குப் போய்விட்டு அறுவடைக்கு மட்டும் வருவான். இரண்டு பெண் குழந்தைகள். அந்த ஊரில் மாதச் சம்பளம் வாங்குகிற பொம்பளை அவள் ஒருத்திதான். மையம் திறந்தபோது ஒரு தடவை நான் போயிருக்கிறேன், மூன்று வருடம் இருக்கும். அதற்கப்புறம் போனில்தான்.

போனில் பேசியதில் ஒன்று எனக்கு மறக்கவில்லை. எங்கள் களப்பணியாளர் ஒருவர் மாதம் இரண்டு தடவை மலைக்குப் போவதாக எழுதிக்கொண்டு அஞ்சாறு மாதமாகப் போகவே இல்லை. கடைசியில் கணக்கு இடித்து வெளியே வந்தது. நான் கோபத்தில் அவளுக்கு போன் போட்டேன்.

“அந்தாளு வரவே இல்லன்னு நீ ஏம்மா ஒரு வார்த்த சொல்லல?”

“அவரு எங்க வூட்ல சாப்ட்டவருங்க மேடம்,” என்றாள். “எங்க வூட்டுச் சோறு சாப்ட்டவரப் பத்தி நான் வெளிய எப்டிங்க சொல்றது? வேற யாரப் பத்தினா கேட்டா சொல்லலாம். சோறு சாப்ட்டவரப் பத்தின்னா எங்க ஊர்ல யாரும் சொல்ல மாட்டாங்க.”

எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவில்லை. இதென்ன ஊர், இதென்ன நியாயம் என்று போனை வைத்துவிட்டு, இனிமேல் மையத்து ஆட்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் தகவல் எதையும் நம்பாதீர்கள் என்று என் ஆட்களுக்கு மெயில் போட்டேன். அசையாத போன்களைத் தேடுகிற சோதனையே அந்த மெயிலுக்குப் பிறகு எழுதியதுதான்.

விடியற்காலையில் காரில் கிளம்பிப் போளூர் வழியாக மலை ஏறினோம். நான் கணியம்பாடிப் பக்கம் பிறந்து வளர்ந்தவள். அமிர்திக் காட்டுக்குப் பின்னால் தெரிகிற மலை என்பதற்கு மேல் சின்ன வயதில் அதைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. வேலைக்காகத்தான் முதல்முறை ஏறினேன். அதனால் காற்று பட்டதும் மனசு லேசானது என்றெல்லாம் எழுத என்னிடம் ஒன்றுமில்லை. வளைவுகளில் எனக்கு வாந்தி வரும். எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே போனேன். பையில் பிஸ்கட்டும் தண்ணீர் பாட்டிலும் வைத்திருந்தேன். போன தடவையும் அப்படித்தான். வெளியூரில் எதுவும் சாப்பிட மாட்டேன்.

மையம் என்பது சாலை வளைவில் ஓடு போட்ட ஒற்றை அறை. உள்ளே எடை மிஷின், சாக்குகள், மேலே சோலார் தகடு. வாசலில் நின்றிருந்தவள் என்னைப் பார்த்ததும் ஓடி வந்தாள். அறிக்கையைப் பற்றி அவளுக்குத் தெரியும். முந்தின நாள் யாரோ ஆபீசிலிருந்து பேசியிருந்தார்கள்.

“நான் திருடிட்டேன்னு சொல்றாங்களாமே மேடம்,” என்றாள். “நீங்களே வந்தது நல்லதாப் போச்சு. வந்து பாருங்க.”

கட்டடத்தின் வடக்குச் சுவருக்குக் கூட்டிப் போனாள். அங்கே வரிசையாக ஆணிகள். ஒவ்வோர் ஆணியிலும் ஒரு துணிப்பை. பழைய சேலை, பள்ளிக்கூடச் சட்டை, பூப்போட்ட தலையணை உறை என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு துணி. படிக்கத் தெரியாதவர்களும் தங்கள் பையை அடையாளம் பிடித்துக்கொள்ளலாம் என்று அவளே உட்கார்ந்து தைத்திருக்கிறாள். ஒரு பையை எடுத்துத் திறந்து காட்டினாள். உள்ளே நாங்கள் கொடுத்த போன். கறுப்பு உறையின் மேல் சுண்ணாம்பால் ஒரு புள்ளி.

“இந்தச் சுவத்துலதாங்க சிக்னல் கீது. ரெண்டு அடி அந்தாண்ட போனா இல்ல. ஊர்ல எந்த வூட்லயும் இல்ல. வூட்டுக்கு எடுத்துக்கினு போனா அது சும்மா லைட்டு அடிக்கத்தான் ஆவும். அதான் எல்லாரும் இங்கயே வுட்டுட்டுப் போறாங்க. வாரத்துக்கு ஒருவாட்டி நானே சார்ஜ் போட்டு வைக்கிறேன்.”

மூட்டை கொண்டு வந்தவர்கள் அஞ்சாறு பேர் சாக்கின்மேல் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி, தன் பையைத் தொட்டுக் காட்டினார்கள். பொய் விவசாயிகள். முழங்கால்வரை சேறு காய்ந்திருந்தது. ஒரு பெரியவர் என் முகத்தை உற்றுப் பார்த்து, “நாங்க இருக்கமா இல்லியான்னு பாக்கவா அவ்ளோ தூரம் வந்தீங்க?” என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்திருக்கவேண்டும். உதட்டை இழுத்துவிட்டேன்.

“எண் யாரு சொல்றது?” என்று அவளிடம் கேட்டேன்.

“அவங்கவங்கதான் சொல்லுவாங்க. கண்ணு தெரியாதவங்களுக்கு நான் படிப்பேன். சில நேரம் உடம்பு முடியலன்னு பக்கத்து வூட்டுக்காரங்ககிட்ட மூட்டயக் குடுத்து அனுப்புவாங்க. அப்பவும் நான்தான் பையிலேர்ந்து எடுத்துப் படிப்பேன்.”

மறைக்கவே தெரியவில்லை அவளுக்கு. வரிசையின் கடைசியில் நீலத் துணியில் ஒரு பை காலியாகத் தொங்கியது. அதைப் பற்றி நான் கேட்கவில்லை.

அந்தச் சுவரடியில் நின்றே நிறுவனருக்கு போன் போட்டு நடந்ததைச் சொன்னேன். அவர் குரல் இறங்கிவிட்டது. அவருடைய முதல் கேஸ் கையைவிட்டுப் போகிறதே.

“சரி மேடம், விவசாயிங்க நிஜம்,” என்றார். “ஆனா நேர்ல வராதவங்க எண்ண அந்தம்மா படிச்சிருக்கு. அது தப்புதான? மூணு மணிக்குத் தணிக்கையாளர் லைன்ல வருவார். அவர் ஒண்ணே ஒண்ணுதான் கேப்பார். போன இப்படி வைங்கன்னு யார் சொன்னாங்க? நம்ம கம்பெனி ஆளு யாராவது சொல்லியிருந்தா அந்தம்மா மேல தப்பில்ல, வேலைல இருக்கட்டும். ஆனா அப்ப நம்ம சிஸ்டமே தப்புன்னு ஆகும். சான்றிதழ் கிடைக்காது, போர்டுல நீங்கதான் பதில் சொல்லணும். அந்தம்மாவா வச்சிருந்தா ஒரு ஸ்டாஃப் செஞ்ச தப்பு. அனுப்பிட்டு நாம வேலையப் பாக்கலாம்.”

“கேட்டுச் சொல்றேன்,” என்றேன்.

அவள் வீடு வளைவுக்குக் கீழே, நூறு அடி இருக்கும். மூன்று மணிக்கு இன்னும் நேரம் இருந்தது. “வாங்க மேடம், சாப்ட்டு வரலாம். போன தரம் வந்தப்பவே நீங்க சாப்டல,” என்று கூப்பிட்டாள். கேட்கவேண்டிய கேள்வி இருந்ததால் போனேன். பாயைப் போட்டு உட்கார வைத்து, தட்டில் சாமைச் சோறும் அவரைக்கொட்டைக் குழம்பும் வைத்தாள். நான் தட்டைத் தொடாமல் கேட்டேன்.

“போன எல்லாம் அங்கயே மாட்டி வைங்கன்னு உங்களுக்கு யாரு சொன்னது?”

கரண்டியைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள். நான் விளையாடுகிறேன் என்று நினைத்துவிட்டாள் போல.

“நீங்கதான மேடம் சொன்னீங்க.”

“நானா?”

“ஆமாங்க. தொறந்த அன்னிக்கி. எல்லாரும் போன வூட்ல வுட்டுட்டு வந்துட்டாங்க, எண்ணு வரல, நீங்க கோவமாயிட்டீங்க. ‘அத வூட்ல வச்சிக்கினு இன்னா பண்ணப் போறீங்க, சிக்னல் வர்ற எடத்துலயே வுட்டுட்டுப் போங்களேன்’னு சொன்னீங்க. சொவத்துல ஒரு ஆணி இருந்துச்சு. உங்க போனயே ஒரு பையில போட்டு அதுல மாட்டிக் காமிச்சீங்க. அந்த நீலப் பையி உங்களுதுதான். மறுபடி வந்தா வேணுமேன்னு அப்டியே வச்சிருக்கேன்.”

ஞாபகம் வந்தது. அரைகுறையாக வந்திருந்தால்கூட மறுத்திருக்கலாம், அப்படியே முழுசாக வந்தது. அன்றைக்கு வெயில், தலைவலி, இன்னும் இரண்டு மையங்களுக்குப் போகவேண்டும். இவர்களிடம் மாரடிக்க முடியாது என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுக் காரில் ஏறினேன். சொன்னதை அந்த வளைவு தாண்டுவதற்குள் மறந்திருப்பேன். இவர்கள் மறக்கவில்லை. மேலதிகாரி சொல்லிவிட்டார் என்று இருபத்தெட்டு ஆணி அடித்து, இருபத்தெட்டு பை தைத்து, மூன்று வருடமாக ஒழுங்காக மாட்டி வைத்திருக்கிறார்கள். நான் சொன்னதை இவ்வளவு சுத்தமாகச் செய்தவர்கள் என் நாற்பது பேரில் ஒருவரும் கிடையாது.

சோறு ஆறிக்கொண்டிருந்தது. என் பக்கத்தில் கைப்பை இருந்தது. அதற்குள் பிரிக்காத பிஸ்கட் பாக்கெட் இருந்தது.

இதை எழுதும்போதும் அந்த இடத்தில்தான் கை நிற்கிறது. களப்பணியாளர் விஷயத்தில் அவள் சொன்னது எனக்கு ஞாபகம் இருந்ததா? இருந்தது. நன்றாகவே இருந்தது. அதற்காகத்தான் கை வைத்தேனா? அப்படி நினைத்ததாக ஞாபகம் இல்லை. பசித்தது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. பிசைந்து சாப்பிட்டேன். குழம்பில் உப்பு கொஞ்சம் தூக்கலாக இருந்தது. தட்டு காலியானதும் “இன்னும் கொஞ்சம் போடும்மா” என்று கேட்டு வாங்கினேன். அவளுக்கு அதில் அத்தனை சந்தோஷம். “மேடம் ரெண்டாவது வாட்டி கேக்கறாங்க” என்று உள்ளே இருந்த மகளிடம் சொன்னாள்.

மூன்று மணிக்கு வடக்குச் சுவரடியில் ஒரு சாக்கை மடித்துப் போட்டு உட்கார்ந்தோம். என் போனை அவள் கையில் கொடுத்தேன். திரையில் இரண்டு கட்டங்கள். ஒன்றில் நிறுவனர், ஒன்றில் தணிக்கையாளர். தணிக்கையாளர் வயதானவர், பொறுமையாகப் பேசினார். பைகளைக் காட்டச் சொன்னார். அவள் எழுந்து ஒவ்வொரு பையாக போனை நகர்த்திக் காட்டினாள். கூட இருந்தவர்கள் தங்கள் பை வரும்போது நெஞ்சில் கை வைத்துத் தலையை ஆட்டினார்கள்.

“நல்லா தெச்சிருக்கீங்கம்மா,” என்றார் அவர். “கடைசியில அந்த நீலப் பை ஏன் காலியா இருக்கு?”

“அது சும்மா தெச்சதுங்க,” என்றாள்.

என் பெயர் அவள் வாயிலிருந்து வராது என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. 

“சரி. இது முக்கியமான கேள்வி, யோசிச்சுச் சொல்லுங்க. போன எல்லாம் ஒரே இடத்துல வைக்கறது நம்ம முறைக்கு விரோதம். வராதவங்க எண்ண நீங்க படிச்சதும் அதனாலதான் நடந்திருக்கு. இப்படி வைக்கச் சொல்லி உங்களுக்குக் கம்பெனியிலேர்ந்து யாராவது சொன்னாங்களா?”

அவள் போனைப் பார்க்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தாள். கெஞ்சலோ கோபமோ அதில் இல்லை. வாசலில் வந்து நின்றவர் உள்ளே வரட்டும் என்று கதவைப் பிடித்துக்கொண்டு நிற்போமே, அப்படி நின்றாள். நாலைந்து நொடி இருக்கும். திரையில் நிறுவனர் பேனாவைத் தட்டிக்கொண்டிருந்தார். சாக்கின்மேல் இருந்த பெரியவரும் என்னைத்தான் பார்த்தார். திறந்த அன்றைக்கு அவரும் அங்கே இருந்திருப்பார். நான் ஒரு வாக்கியம் சொல்லவேண்டும். நான்தான் சார் சொன்னேன். மூன்றே வார்த்தை. ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் வார்த்தை பேசுகிறவள் நான். வாயைத் திறந்தால் வந்துவிடும் என்று தெரிந்தது. கன்னத்தின் உள்பக்கத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். வலிக்கவில்லை.

“இல்லீங்க,” என்றாள் அவள். “நாங்களாதாங்க வச்சிக்கினோம்.”

“யாரும் சொல்லல?”

“யாரும் சொல்லலீங்க.”

தணிக்கையாளர் பெருமூச்சு விட்டார். பாவப்பட்டிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். “மேடம், நீங்க ஏதாவது சேர்த்துச் சொல்லணுமா?” என்று என்னைக் கேட்டார். அது எனக்கு இரண்டாவது முறையாகத் திறந்த கதவு.

“இல்ல சார்,” என்றேன். என் குரல் தெளிவாக இருந்தது. மீட்டிங்கில் பேசுகிற குரல்.

சாயங்காலத்துக்குள் மெயில் வந்துவிட்டது. அவளுக்கு அந்த மாதத்தோடு வேலை இல்லை. போன்களை அவரவர் வீட்டுக்கே எடுத்துப்போகச் சொல்லவேண்டும். சுவர் அன்றைக்கே காலியாகவேண்டும். படித்துச் சொன்னவள் நான்தான். மேலதிகாரி நேரில் இருக்கும்போது வேறு யார் சொல்வது.

“கஷ்டமாத்தான் கீது,” என்றாள் அவள். அதற்கு மேல் அழவோ சத்தம் போடவோ இல்லை. ஒவ்வொரு பையாகக் கழற்றி, உரியவர்களைக் கூப்பிட்டுக் கொடுத்தாள். அவர்கள் ஒன்றும் புரியாமல் வாங்கிக்கொண்டார்கள். “இத எடுத்துக்கினு போய் இன்னா பண்றது?” என்று ஒருத்தி கேட்டாள்.  வராதவர்களின் பைகளை ஒரு கூடையில் போட்டு, இருட்டுவதற்குள் வீடு வீடாகக் கொடுத்துவிடுகிறேன் என்றாள். பிறகு எடை மிஷினைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். “புதுசா யாரு வந்தாலும் சொல்லிடுங்க மேடம். மழ நாள்ல இது ஒரு பக்கமா நிக்கும். பக்கத்துல ஒரு தட்டு தட்டணும்.”

கார் கிளம்பத் தயாராக நின்றது. நான் அவள் பக்கத்தில் போய் யாருக்கும் கேட்காமல் கேட்டேன். எதற்குக் கேட்டேன் என்று தெரியவில்லை.

“நான்தான் சொன்னேன்னு ஏம்மா சொல்லல?”

“இப்பதான எங்க வூட்ல சாப்ட்டு வந்து உக்காந்தீங்க. நான் எப்டிங்க சொல்றது?” என்றாள். மிஷினைத் துடைத்த துணியை உதறி மடித்தாள். “நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன்.”

பிறகு கடைசி ஆணியிலிருந்து அந்த நீலப் பையைக் கழற்றி என்னிடம் நீட்டினாள். “இது உங்களுதுங்க.” வாங்கிக்கொண்டேன். காரில் ஏறினேன். இரண்டு அடி தாண்டியதும் சிக்னல் போய்விட்டது.

மூன்று வாரத்தில் சான்றிதழ் வந்தது. நேரில் போய்ச் சரிபார்த்த அதிகாரி என்று அதற்கான கோப்பில் என் பெயர் இருக்கிறது. சிக்னல் இல்லாத ஊர்களை அந்தச் சோதனையிலிருந்து விலக்கச் சொன்னேன். என் ஆட்கள் அரை மணி நேரத்தில் செய்துவிட்டார்கள், இரண்டு வரிதான். வேலையை அவளுக்கே திரும்பக் கொடுக்கலாமே என்று நிறுவனரிடம் ஒருமுறை ஆரம்பித்தேன். “அந்தம்மாவே ஒத்துக்கிச்சே மேடம்,” என்றார். ஆமாம் என்றேன். அந்த மையத்துக்கு இப்போது கீழே ஊரிலிருந்து பைக்கில் ஒருவர் வந்து போகிறார். மழை நாளில் எடை ஒரு பக்கமாக நிற்கிறது என்று அவரிடமிருந்து புகார் வந்தது. பக்கத்தில் ஒரு தட்டு தட்டுங்கள் என்று நானே பதில் போட்டேன்.

அவளுக்கு இரண்டு தடவை போன் போட்டேன். லைன் கிடைக்கவில்லை. அவள் போன் வீட்டில் இருக்கும். வீட்டில் சிக்னல் கிடையாது.

நீலப் பை என் ஆபீஸ் மேஜையின் இழுப்பறையில் இருக்கிறது. அதோடு அந்த பிஸ்கட் பாக்கெட்டும் கிடக்கிறது, பிரிக்காமலே. அன்று மதியம் நான் அதைப் பிரித்துத் தின்றிருந்தால் அவள் உண்மையைச் சொல்லியிருப்பாள், அவள் வேலை அவளிடமே இருந்திருக்கும்.